சட்டியின் அடியில் வடக்கு

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு
கழுத்தளவு நீரில் குனிந்திருக்கும்போது
பேச முடியாது.
அதனால்தான் கரையேறியதும்
நாங்கள் இவ்வளவு பேசுகிறோம்.

இரண்டு கைகளும் சேற்றுக்குள்.
விரலை விரித்துத் தடவிக்கொண்டே போனால்
இறால் முதுகு ஒரு துடிப்பாகத் தட்டும்.
கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது.
ஆற்றில் சாம்பல் கலந்த பிறகு
கண் இருந்தும் பயனில்லை.

எண்ணூர்க் கழிமுகத்தில்
வலைக்காரர்களுக்குப் பாடு உண்டு:
இன்ன நாள், இன்ன குப்பம், இன்ன இடம்.
இருளருக்கு அந்தப் பாடு கிடையாது.
மற்ற பாடெல்லாம் உண்டு.

தை பிறந்து நாலாம் நாள், வற்றத்தில்,
அலையாத்தி வேரில் சிக்கிய நைலான் வலைக்குள்
ஓர் உள்ளான்.
உயிர் இருந்தது. கோதண்டன் கழுத்தைத் திருகினான்.
மூன்று நாளாய் இறால் இல்லை,
இதை ஏன் மறைக்க வேண்டும்.
கொஞ்சம் மிளகு, கொஞ்சம் புளி.
நான்கு பேருக்கு ஒரு கைப்பிடிப் பறவை.

காலையில் சட்டி கழுவும்போது
அடியில் ஏதோ கிணுங்கியது.
காலோடு சேர்த்துப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது.
நகம் அளவு வளையம்.
மேலே எண்கள். எழுத்து
தமிழில்லை, தெலுங்கில்லை,
கண்டெய்னர் லாரியில் இருக்கும் இங்கிலீசும் இல்லை.
சில எழுத்துகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன,
கோபித்துக்கொண்ட மாதிரி.

பறவை எண்ண வரும் பெனடிக்ட்
தாழங்குப்பத்துப் பையன்.
வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"தேசம்மாக்கா, இது எங்கேந்து வந்துது தெரியுமா?"
வடக்கே கை காட்டினான்.
அத்திப்பட்டா என்றேன்.
"அதுக்கும் மேல."
பழவேற்காடா?
"மேலக்கா, இன்னும் மேல.
வடக்குன்னு ஒண்ணு முடிஞ்சுபோற எடம்."

அங்கே கோடையில் சூரியன் படுக்கப் போகாதாம்.
குளிரில் எழுந்திருக்கவே எழுந்திருக்காதாம்.
பனிமேல் மான் ஓட்டும் சனம் இருக்கிறதாம்,
ஊர்களுக்குப் பெயர் வைக்கும் முன்பிருந்தே.
மேளம் தட்டிச் சாமியாடுகிறவர்
பறவைபோலக் கத்துவாராம்.
வேட்டையில் விழுந்ததிடம்
ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உரிப்பார்களாம்.
பாதி அவனுக்கும் தெரியாது,
போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

இப்போது அங்கே கேஸ் குழாய் போட்டிருக்கிறார்களாம்.
மான்கள் குழாயைத் தாண்ட மாட்டோமென்று
நின்றுவிடுகின்றனவாம்.

நான் எங்கள் குழாயைப் பார்த்தேன்.
அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சுமந்து
ஆற்றுக்குக் குறுக்கே போகிறது.
கசியும் இடத்தில் வெள்ளைத் திட்டு,
திட்டின்மேல் ஒரு கொக்கு.
"அந்த மானு எத்தனை குட்டி போடும்?" என்று கேட்டேன்.
ஏன் கேட்டேனென்று இன்னும் தெரியவில்லை.

பிறகுதான் அவன் கேட்டான், பறவை எங்கே என்று.
குழம்பில் என்றேன்.

வெகுநேரம் ஆற்றையே பார்த்தான்.
வளையம் மாட்டினவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம்.
போனில் ஒரு படிவம் திறந்தான்.
உயிரோடு, காயத்தோடு, இறந்து:
எந்தக் கட்டத்திலும் நாங்கள் இல்லை.
"இறந்துன்னு போட்டுர்றேங்கா."
"பசின்னு போடு" என்றேன்.
மாட்டினவனுக்குப் புரியாவிட்டாலும்
மான் ஓட்டுகிறவளுக்குப் புரியும்.

மாசிப் பௌர்ணமிக்குக்
கடலோரம் ஏழு பிடி மண் குவித்துக்
கன்னிமாரை உட்காரவைத்தோம்.
பொரி, வெற்றிலை, மஞ்சள்.
மருள் வந்து கோதண்டன் ஆடினான்.
அலையைப் பார்த்துக் கீச்சென்று கத்தினான்.
யார் குரல் அது என்று நான் கேட்கவில்லை.
கழுத்தைத் திருகிய கை
கும்பிட்டபடியே இருந்தது.

வளையத்தைப் பெனடிக்ட் கேட்டான்.
எண்ணை எழுதிக்கொள் என்றேன், தரவில்லை.
பறிக்கயிற்றில் கோத்துவிட்டேன்.

இன்று விடியலில்
மின் நிலையத்து வெந்நீர் வந்து விழும் வாய்க்காலுக்குக் கீழே
இடுப்புவரை வெதுவெதுப்பு.
குனிகிறேன். கயிற்றைக் கடிக்கிறேன்.
பல்லில் படுகிறது அது.
சில்லென்றிருக்கிறது.