தையலுக்கு இடம் விடாமல்

களுவாஞ்சிகுடிச் சந்தை தாண்டி
போன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில்
ஒன்பது அடி அகலம் என் அறை.
சுவரில் அறுபத்து மூன்று ஆணிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெண்:
முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை.

போன தேர்தலில் மிஞ்சிய தடித்த போஸ்டர்கள்.
வெள்ளைப் பக்கத்தில் வரைவேன்.
திருப்பினால் கும்பிட்ட கையோடு வேட்பாளர்,
கைக்குழி வளைவில் ஒரு காது போயிருக்கும்.

இவை உடுக்கிற சட்டை அல்ல.
எல்லாச் சட்டைக்கும் முன்னால் இருப்பவை.
கழுத்து வேலைப்பாடு இல்லை, கொசுவம் இல்லை,
மூச்சு விடுகிற அளவுக்குத் தளர்வு,
தையலுக்கென்று கால் இஞ்சிகூட விடமாட்டேன்.
அதெல்லாம் மறுகா,
துணியில் வெட்டும்போது.

படிக்கிற காலத்தில் ஒரு அட்டவணை தந்தார்கள்:
முப்பத்தாறு மார்புக்கு இவ்வளவு தோள், இவ்வளவு முதுகு.
அந்த அட்டவணைப் பெண்ணை
இருபத்திரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன்.
இன்னும் இந்தப் படி ஏறவில்லை.

ஏறியவர்கள் வேறு.
ஜீவரேகா டீச்சருக்கு இடது தோள் தாழ்வு,
கொப்பிக் கட்டுத் தூக்கி.
நவநீதத்துக்குப் பின்கழுத்தில் ஒரு மேடு,
அங்கே முக்கால் இஞ்சி கூட்டவேண்டும்.
சுபாங்கினி கனடா போய் ஏழு வருடம்,
அவளுடைய அட்டை இருபத்தைந்து வயதிலேயே தொங்குகிறது.
அண்டைக்கு வீடியோவில் வந்து
"பழைய அளவிலேயே தையுங்கக்கா" என்றாள்.
கமராவைத் தோளுக்குக் கீழே இறக்கவேயில்லை.

எனக்கு ஆணி இல்லை.
நாடாவை முதுகுக்குப் பின்னால் பிடித்தால் சரியும்.
குனிந்து எண்ணைப் பார்த்தால்
குனிந்தவளின் அளவுதான் வரும்.
நாற்பத்தாறு வயதுவரை குத்துமதிப்பில் வெட்டினேன்.
கழுத்து வாய் பிளக்கும்,
கை தூக்கினால் சட்டையும் கூடவே ஏறும்.
யாராவது கேட்டால்
கடையில் வாங்கினது என்று சொல்லியிருக்கிறேன்.

மாசியில் எனக்குப் பதிவுத் திருமணம்.
கல்லாற்றில் சைக்கிள் கடை, ஆளுக்கு நாற்பத்தொன்பது.
அளவெடுக்க வரட்டுமா என்று போனில் சிரித்தார்.
நாடாவில் எந்த முனை பூச்சியம் என்றே
அவருக்குத் தெரியாது.

கமலவேணியைக் கூப்பிட்டேன்.
நெல் ஆலையில் தராசடியில் நிற்பவள்,
கால் கிலோவுக்கும் பொய் சொல்லாதவள்.
நான் அளவுகளைச் சத்தமில்லாமல் எழுதுவேன்,
வந்தவர்களுக்கு நான் செய்கிற மரியாதை அது.
அவளோ மூட்டைக்குக் கூவுவதுபோலக் கூவினாள்.
"வயித்த எக்காதகா. எப்பவும் நிக்கிறமாரி நில்லு.
இடுப்பு முப்பத்தெட்டே கால்!"
போன் கடைப் பொடியன் பாட்டைக் குறைத்தான்.
"கிறுகு. வலத் தோள் அரை இஞ்சி கீழகா."
"திரும்ப அள."
"மூணு தரம் அளந்திட்டன்."

வலது.
கத்தரிக்கோல் பிடிக்கிற பக்கம்.

இரவு போஸ்டரை விரித்தேன்.
பாதி வரைந்து மடித்து வெட்டுகிற உடம்பில்லை இது,
இரண்டு பக்கமும் தனித்தனியே வேண்டும்.
பழக்கத்தில் கை இரண்டு தோளையும் சமமாய் இழுத்துவிட்டது.
அழித்தேன். வலதைத் தாழ்த்தினேன்.
பழைய படுக்கை விரிப்பில் வெட்டி
நூலோட்டி மாட்டிப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு முன்னால் போக மறந்துபோனது.
ஃபேனை நிறுத்தக் கை தூக்கினேன்.
சட்டை இருந்த இடத்தில் இருந்தது.

சிவப்புப் பட்டை நாளைக்குத் தொடுவேன்.
அட்டையின் மூலையில், எல்லாருக்கும்போல,
பெயர் எழுதினேன்: இன்பராணி.
கீழே திகதி. உடம்பு மாறும், திகதி வேண்டும்.

அடிக்க ஆணி மிச்சமில்லை.
நவநீதத்தின் ஆணியிலேயே கொளுவினேன்.
ஜன்னல் காற்றுக்கு இரண்டும் திரும்பிக்கொண்டன.
தோற்றுப்போன அந்த மனுசன்
ஒன்றில் காதில்லாமல், ஒன்றில் தலையில்லாமல்
எங்கள் இருவருக்கும் பின்னால்
கும்பிட்டபடி நின்றார்.