நியாயமா

காலியிலிருந்து திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த நீதவான்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
சாதாரணீகரணய கரன்ன.

அவர்கள் பாஷையில் சாதாரணம் என்றால் நியாயம்.
எங்களிடத்தில் அது
வெறும் செவ்வாய்க்கிழமை,
வந்து போகிற தடிமன் காய்ச்சல்,
மூன்று பாடம் தவறிய சோதினை.

கூண்டில் கிண்ணியா மீராலெப்பை.
கொட்டியாரக்குடாவில் பிடிபட்ட வலை
மேசைக்கடியில் சான்றுப்பொருளாய்க் கிடந்து
இன்னும் வெடுக்கடித்தது.

மொழிபெயர்ப்பாளருக்கு மூன்று நொடி.

நியாயப்படுத்து என்றால்
பிழையென்று முதலிலேயே முடிவு கட்டியதாகும்.
காரணம் சொல் என்றால்
பள்ளிக்கூட வாசல், பிந்தி வந்த பிள்ளை.
நியாயம் சொல் என்றால் மனிசன்
மரைக்கார்மார் முன்னால் பேசுவதுபோலத் தொடங்கிவிடுவார்,
பகல் சாப்பாட்டு நேரம் தாண்டும்.
நியாயம் பிளக்காதே என்பதோ
என் வீட்டுக்காரர் எனக்கென்றே வைத்திருக்கும் வசனம்,
கோடாலி அவர் கையில்தான்.

"ஏன் செய்தனீங்கள் எண்டு ஐயா கேக்கிறார்" என்றேன்,
நாலையும் விட்டுவிட்டு.

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
"கடல் நியாயமா வத்திப் போச்சு, புள்ள."

நியாயமா.
நியாயமான தூரம் நடந்தோம்,
நியாயமான சனம் செத்தது என்று
நாங்கள் சொல்கிற அதே நியாயமா?
கனக்க வற்றியது என்கிறாரா,
வற்றினது சரிதான்,
இவ்வளவு அள்ளினால் வேறென்ன செய்யும் என்கிறாரா?

கொடக் என்றேன் நீதவானுக்கு.
நிறைய.
மற்றதைச் சொல்லவில்லை.

தட்டெழுதிய சுகிர்தமலர்
ஒரு பொத்தானை அமத்தினாள்.
"ஜஸ்டிஃபை அக்கா. ரெண்டு ஓரமும் நேர் வரும்."
வந்தது.
கடலுக்கும் நியாயமாவுக்கும் நடுவில் மட்டும்
ஒரு வள்ளம் போய்த் திரும்பும் அளவுக்கு வெள்ளை.

பதினையாயிரம் ரூபா. வலை பறிமுதல்.

மதிலோரம் மறித்தார்.
கையில் பற்றுச்சீட்டு, நாலாய் மடித்தது.
"நான் சொன்னத்தச் சரியாச் சொன்னியா, புள்ள?"
"நியாயமாச் சொன்னனான்" என்றேன்.
தலையாட்டினார்.
எதை விளங்கித் தலையாட்டினாரோ.

பக்கத்தில் புள்ளிமான் ஒன்று
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின்
பொலித்தீன் தாளை மென்றுகொண்டு நின்றது.
"சீ, விடு, அதத் தின்னாத" என்று
குனிந்து இழுத்தார்.
கையோடு வந்தது பாதித்தான்.