தேவை எண் 4.7

"எல்லா மதகுகளும்
ஒரே நேரத்தில்
ஒரே நீர்மட்டத்தை அறிந்திருக்க வேண்டும்."

எழுதியது யாரோ, கையெழுத்தில்லை.
இலந்தைக்குளம், மூன்றாம் மாடி, இரவு பத்தேகால்.
'ஒரே நேரத்தில்' என்பதைச் சிவப்பில் சுழிக்கிறேன்.

பேரணைக் கடிகாரம்
விரகனூர்க் கடிகாரத்துக்கு நாற்பது நொடி முந்தி.
நடுவே ஒரு செல்பேசிக் கோபுரம்.
மழை வந்தால் அதற்கும் தூக்கம் வரும்.

மதகு என்றொரு க்ளாஸ்.
அதற்கு இரண்டே நிலை:
திறந்தது, மூடியது.
அதில் பிறந்த பதினேழு ஆப்ஜெக்ட்டுகள்,
ஒருவர் வீட்டுச் சங்கதி
மற்றவருக்குத் தெரியாத பங்காளிகள்.

டெஸ்ட் கேஸ் முப்பத்தொன்றில்
கேபிளைப் பிடுங்கினேன்.
பதினோராம் மதகு பேச்சை நிறுத்தியது.
திரையில் மட்டும் பச்சையாய் 'மூடியது',
கடைசியாய்க் கேட்டதைச்
சத்தியமாய்ப் பிடித்துக்கொண்டு.

மூன்றாவது நிலை ஒன்று எழுதினேன்:
தெரியாது.

காலையில் வஹிதா சிரித்தாள்.
"துறைக்காரர் திரையில் 'தெரியாது' வந்தால்
பில் பாஸாகுமா?"
நியாயம்தான்.
வேறு சொல் தேடினோம்.
'சரிபார்க்கப்படுகிறது.' 'காத்திருக்கவும்.'
எல்லாமே பொய்க்குச் சித்தி மக்கள்.

கூடல் என்று பேர் வாங்கிய ஊரில் உட்கார்ந்து
ஒன்றுகூடாத கணினிகளுக்கு
ஒப்பந்தம் எழுதுகிறோம்.
சொல் மாறவில்லை. 'தெரியாது' அப்படியே போனது.
பதில் இன்னும் வரவில்லை,
வந்து தொலைந்ததா என்றும் தெரியாது.

வீடு திரும்பும் பஸ் ஏ.வி. பாலத்தில் நின்றது.
கீழே மணல், ஆகாயத்தாமரை, ஓர் எருமை.
நீர்மட்டம் பூஜ்யம் என்று
மனசுக்குள் குறித்தேன்.
உடனே பக்கத்தில் இதையும்:
பார்த்தது மாலை ஆறு நாற்பதுக்கு.