கூட்டாமல், குறைக்காமல்

பீல் நகரத்து மருத்துவமனை மேட்டுக்குப்
பேருந்தேறி வருகிறவர்கள் முகத்தில்
ஒரு தயாரிப்பு இருக்கும்.
தர்மகுலசிங்கத்தார் அதைப்
புதிதாய்ச் சவரம் செய்திருந்தார்.

எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்.
சொன்னதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
ஆறு வருடமாய் எத்தனையோ பேரின் 'நான்' ஆக இருந்துவிட்டேன்:
இரட்டைப் பிள்ளை சுமந்தேன்,
ஈரல் வீங்கினேன்,
ஒருமுறை, இனி மருந்தில்லை என்று
என் வாயாலேயே கேட்டுக்கொண்டேன்.

மருந்துகளை ஒழுங்காக எடுக்கிறீர்களா,
என்று கேட்டார் டொக்டர் ஏபிஷர்.
"ஓம் ஓம், ஒழுங்காத்தான் போடுறன்."
ஆம், ஒழுங்காக எடுக்கிறேன், என்றேன் ஜெர்மனில்.
திரையில் ஒன்பது புள்ளி நான்கு.
அந்த எண் யாரையும் துணைக்கு அழைக்கவில்லை.
அவர் அளவைக் கூட்டி எழுதினார்.

வெளியே,
அடுத்த பேருந்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.

"தங்கச்சி, அந்தப் பெரிய குளிசை இருக்கெல்லே,
அது வயித்தைக் கலக்கும்.
கக்கூசு கீழ்மாடியில.
நான் போய் வாறதுக்குள்ள கோப்பை மலையாக் குவியும்.
செஃப் வாய் திறக்கமாட்டான்,
மணிக்கூட்டைப் பாப்பான்.
சாப்பாட்டோட போடு எண்டு எழுதியிருக்கு.
எந்தச் சாப்பாட்டோட?
ஊரெல்லாம் திண்டு முடிச்சாப் பிறகுதான் எனக்கு மத்தியானம்.
நாலு மணிக்கும் வரும், வராமலும் விடும்."

பேருந்து வந்தது. அவர் ஏறவில்லை.

"ஊசியோ?
ஒருக்காப் போட்டிட்டு, சாப்பிட நேரமில்லாமல்
சிங்குக்குப் பக்கத்தில விழுந்திட்டன்.
குடிச்சிட்டன் எண்டு நினைச்சாங்கள்.
நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன்.
குடிகாரனை மன்னிப்பாங்கள்.
வருத்தக்காரனை வைச்சிருக்கமாட்டாங்கள்."

பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.
வருடத்தின் முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு பிராங்கும்
அவர் பையிலிருந்துதான் போக வேண்டுமாம்.
ஒரு மாதப் பெட்டியை இரண்டு மாதம் இழுக்கிறாராம்.
"தங்கச்சிக்கு வவுனியாவுக்கு அனுப்புறதை இழுக்கேலாது.
இதை இழுக்கலாம்.
உடம்பு கடன்காரன் மாதிரி இல்லை,
உடன கதவு தட்டாது."

உள்ளே சொல்லியிருக்கலாமே, என்றேன்.

"அவ ஒழுங்காவோ எண்டுதானே கேட்டவ."

படிவத்தில்
பத்தேகாலிலிருந்து பத்து ஐம்பது வரை, என்று எழுதினேன்.
பேருந்துத் தரிப்பிடத்துக்கு அதில் கட்டம் இல்லை.

என் கைப்பையில் ஒரு கிழமைப் பெட்டி.
மோ, டி, மி, டோ என்று ஏழு அறை.
செவ்வாய் இருக்கிறது. வியாழனும்.
வேலை உள்ள நாட்களில் காலையில் போடுவதில்லை.
பாதி வாக்கியத்தில் எழுந்து ஓட முடியாது.
மருத்துவரின் வாய்க்கும்
நோயாளியின் காதுக்கும் நடுவே
என் வயிறு பேசக் கூடாது.
என் குடும்ப மருத்துவருக்கு நானும்
ஒழுங்காகத்தான் எடுக்கிறேன்,
உச்சரிப்புப் பிழை ஒன்றும் இல்லாமல்.

மூன்று மாதம் கழித்து
ஏபிஷர் விடுமுறை. ஓர் இளம் பையன்,
கழுத்தில் அட்டை திரும்பித் தொங்குகிறது.
விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்:
போன கிழமை எத்தனை தவறியது?
எனக்கென்றால் எந்த மாத்திரைப் பட்டையிலும்
கடைசி இரண்டு மிஞ்சிவிடும்.

'தவறியது' என்று வாய்வரை வந்தது.
அந்தச் சொல்லுக்குள் ஒரு தவறு உட்கார்ந்திருந்தது.
'விடுபட்டது' என்றேன்.
கூட்டினேனா, குறைத்தேனா, தெரியவில்லை.

தர்மகுலசிங்கத்தார் அவனைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
சோப்பில் வெளுத்த விரல்களை மேசைமேல் விரித்தார்.
நான்கு.
ஒன்றை மடக்கினார்.
மறுபடி நிமிர்த்தினார்.

பையன் எழுதிக்கொண்டான்,
என்னை எதிர்பார்க்காமலே.

மேசைக்குக் கீழே
என் விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கியிருந்தன.
செவ்வாய், வியாழன்.
இன்று வெள்ளி.