மூன்றாவது பட்டி

தியத்தலாவ முகாம் வாசலுக்கு எதிரே
ஏழடி அகலத் தையல் கடை.
பட்டாளத்தின் இடுப்பளவெல்லாம் எனக்கு அத்துப்படி.
யார் லீவில் கொழுத்து வந்தான்,
யார் வடக்கிலிருந்து பாதியாய் வந்தான்,
டேப்புக்குத் தெரியும்.

விஜேகோன் அன்று சார்ஜன் ஆகியிருந்தான்.
சட்டைக் கையில் மூன்றாவது பட்டி தைக்கணும்.
"நங்கி, இதையும் கொஞ்சம் வாசியேன்."
மடித்த கொப்பித்தாள்.
பங்கரில் கிடந்ததாம்.
யாருடைய பங்கர் என்று நான் கேட்கவில்லை,
ஓரத்துக் கறை தேத்தண்ணியா என்றும்.

அம்மாவுக்கு என்று தொடங்கியது.
நாலாவது வரியில்
'நம்ம காம்பராவுக்குத் தகரம் மாத்தியாச்சா?'

காம்பரா.
வன்னியில் பிறந்தவன் எவனும்
வீட்டை அப்படிச் சொல்லமாட்டான்.
கீழே தோட்டத்தின் பேர், டிவிசன்,
லயத்து நம்பர்கூட எழுதியிருந்தான் மடையன்,
தபால்காரன் வருவான் என்று நம்பி.

போன வைகாசியில் என் தம்பியைப்
பண்டாரவளைப் பொலிசிலிருந்து
கையெழுத்துப் போட்டு எடுத்துத் தந்தவன் இந்த விஜேகோன்.
தம்பிக்கு இன்றைக்கும் இடது காது கேட்பதில்லை,
ஆனால் இருக்கிறான்.
நன்றி கெட்டவள் இல்லை நான்.
நம்பரைச் சொன்னால்
விடியுமுன் லயத்தைச் சுத்தி ட்ரக் நிற்கும்,
குமரிலிருந்து கிழடுவரை பெரட்டுக்களத்தில் குந்தவேண்டும்.
அதுவும் தெரியும்.

"மழையைப் பற்றி எழுதியிருக்கான் மாத்தயா,
கூரை ஒழுகுதாம்."
சிங்களத்தில் அது பொய்யாய்க்கூட இல்லை.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
தாளுக்குக் கை நீட்டினான்.
"பட்டிக்கு உள்ளே வைக்கிற கன்வஸ் முடிஞ்சுபோச்சு,
இதை வைக்கட்டுமா, விறைப்பாய் நிற்கும்"
வாய் தானாய்ச் சொன்னது.
என் முகத்தையே பார்த்தான்,
முகாமில் விசில் ஊதி முடியும்வரை.
"வை" என்றான்.

நாலு பக்கமும் இரட்டைத் தையல்.
தாளைக் குத்தும்போது ஊசிக்கு வேறு சத்தம்.
அம்பது ரூபா தந்தான். வாங்கினேன்.
வெள்ளிக்கிழமை ரயிலில் வடக்கே போனான்
அந்தக் கையோடு.

ஞாயிறு சிவனம்மாவின் ரவிக்கையைக் கொடுக்க
லயத்துக்கு ஏறினேன்.
வாசலிலேயே தேத்தண்ணி தந்தாள், உள்ளங்கையில் சீனி.
மகன் கொழும்பில் கடையில் நிற்கிறானாம்,
ஒரு வருசமாய்க் காயிதம் இல்லையாம்.
கொழும்பு என்று சொல்லும்போது
என்னைப் பார்க்கவில்லை.
நானும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் மாத்தலடா.
அதே தகரம்,
மேலே நாலு கல்லு, ஒரு பழைய டயர்.