கழித்தல் குறி

எட்டுப் புட்டிகள். எட்டிலும் வெள்ளைப் பொடி.
சீட்டைக் கிழித்துவிட்டால் எனக்கே தெரியாது
எது வேலின், எது லைசின் என்று.
மெத்தியோனின் மட்டும்
அழுகின முட்டைக்கோஸ் வாடையில்
தானே பெயர் சொல்லிவிடும்.

இல்லினாய், நாற்பத்தொன்பது, பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே அறுத்த மக்காச்சோளத் தட்டைகள்
பனிக்கு மேல் கழுத்தை நீட்டியிருந்தன,
கண்ணுக்கெட்டிய மட்டும்.
உள்ளே நான் பிசைந்தேன்:
ஸ்டார்ச், சர்க்கரை, உருக்கின வெண்ணெய்,
புட்டிக்கொரு நிறுவை.
வட்டமாக வெட்டிச் சுட்டால்
பிஸ்கட் மாதிரி ஒன்று வரும்.
பிஸ்கட் அல்ல.

டெல்பர்ட் ஸ்டிக்னி அதைத்தான் தின்றான்,
காலை, மதியம், ராத்திரி.
போரிலிருந்து திரும்பி ரசாயனம் படிக்கிறவன்.
கறி இல்லை, பால் இல்லை, ஒரு பட்டாணி இல்லை.
உள்ளே போனதை நான் நிறுத்தேன்.
வெளியே வந்ததையும் நானே அளந்தேன்,
பழுப்புக் குடுவைகளில், முகம் சுளிக்காமல்.
சரி, முதல் வாரம் சுளித்தேன்.
வந்த நைட்ரஜன், போன நைட்ரஜன்.
மளிகைக் கடைக் கணக்குதான்.
வரவும் செலவும் நேராக நின்றால்
ஆள் நிற்கிறான்.

மூன்றாம் வாரம் ஒரு புட்டியைப் பூட்டச் சொன்னார்கள்.
எதை என்று அவனிடம் சொல்லக் கூடாது.
நாளுக்குக் கால் கிராம்,
இரண்டு குன்றிமணி எடை.
அது போனதும் மீதி ஏழும்
செங்கல், மணல், சுண்ணாம்பு இறங்கியும்
கொத்தனார் வராத மனையாய்க் கிடந்தன.

இரண்டாம் நாள் என் பேனா
கழித்தல் குறி போட்டது.
மூன்றாம் நாள் இன்னும் பெரிதாய்.
கூரையைப் பிரித்து அடுப்பெரிக்கிறது உடம்பு.
நாலாம் நாள் தட்டைத் தள்ளினான்.
"பெல்ஜியத்தில் உறைந்த உருளைக்கிழங்கை
மண்ணோடு தின்றவன் நான், ஆர்டித்.
இப்போது பசியே இல்லை. ஏன்?"
மார்ஜரியின் கடிதம்
பிரிக்காமலே கிடந்தது மேசையில்.

சாவி என் கவுன் பையில்.
"குளிருக்கு அப்படித்தான்" என்றேன்.

ஒன்பதாம் நாள் திறக்கச் சொன்னார்கள்.
மறுநாள் சாயங்காலம் படிக்கட்டில் விசில் சத்தம்.
"இன்னும் இரண்டு கிடைக்குமா?"
கேட்டது அந்தப் பாழாய்ப்போன பிஸ்கட்டை.

அன்றிரவு வீட்டில் சோள ரொட்டியும் பீன்ஸும்.
தம்பி ரொட்டியை மட்டும் பிட்டுத் தின்றான்.
பீன்ஸ் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.
காரணம் சொன்னால் சிரிப்பான்.

எட்டு என்று எழுதி முடித்தோம்.
பல வருஷம் கழித்து ஒன்பது என்றார்கள்.
ஹிஸ்டிடின்.
எங்கள் பிஸ்கட்டில் அது இருந்ததே இல்லை.
தசையிலும் ரத்தத்திலும் பதுக்கியதை எடுத்து
உடம்பு சத்தமில்லாமல் கொடுத்திருக்கிறது,
நாங்கள் கேட்காமலே,
நாங்கள் அறியாமலே.

டெல்பர்ட்டின் பழைய நோட்டைப் புரட்டினேன்.
கூட்டல். பூஜ்யம். கூட்டல்.
பக்கத்தின் அடியில், நீல மையில்,
"குறை ஒன்றுமில்லை."
என் கையெழுத்து.