நடுவில் மண்

முப்பத்தோரு வருடமாக என் தொழில்
கீழே விழாமல் இருப்பது.
ஓடு வேய்வதற்குத்தான் கூலி என்று ஊர் நினைக்கிறது.
ஈரச் சிலேட்டு, மேலைக்காற்று, ஒற்றைக் கயிறு.
இன்னர்லீதன் தெருக்களில் நான் ஏறாத கூரை
நாலோ ஐந்தோ இருக்கும்.
இப்போது, ஐம்பத்திரண்டில்,
ஞாயிறுதோறும் காசு கொடுத்து
ஒரு மலைச் சைக்கிளில்
தரையை விட்டுக் கிளம்பப் படிக்கிறேன்.

செங்கா சிரிக்கவில்லை.
காப்பீட்டுத் தாளை மேசையில் விரித்துப்
பொடி எழுத்துகளைக் கடைசிவரை படித்தாள்.
"வேலையில் விழுந்தால் பணம் தருவான்.
விளையாட்டில் விழுந்தால் நீ வெறும் முட்டாள்."
மறுநாள் முழங்கால் கவசம் வாங்கி வந்தாள்,
ஒரு அளவு பெரிதாக.

ரோனாவுக்கு இருபத்தாறு. மண்வெட்டியோடுதான் வருவாள்.
முதல் மூன்று வாரம் தாவவே விடவில்லை.
இருக்கையை இறக்கு.
மேட்டின் மேல் மெதுவாக உருண்டு போ, மறுபடி போ,
பிரேக்கை மற.
பயந்தவன் விறைப்பான்;
விறைத்தவனைப் பின்சக்கரம் கழுதைபோல உதைக்கும்.
கூரையில் எல்லாம் நேர்மாறு.
அங்கே என் பயம்தான் என் மூன்றாவது கால்.

எனக்கென்று அவள் காட்டிய மேட்டில்
நடுவிலும் மண் நிரப்பியிருந்தார்கள்,
சாப்பாட்டு மேசைபோலத் தட்டையாக.
தூரம் எட்டாவிட்டால் மேசைமேல் விழலாம்.
பல் ஆடும், உயிர் ஆடாது.
பக்கத்திலேயே இன்னொன்று:
அதே உயரம், அதே நீளம்,
நடுவில் மட்டும் ஒன்றுமில்லை.

"ரெண்டும் ஒரே தாவல்தான்" என்றான் டூகல், தபால்காரன்,
என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.
ஏணியும் ஒரே ஏணிதான்.
கீழே புல்லா கல்லா என்று பார்க்காமல்
நான் சாய்த்ததில்லை.

முதல் தாவலில்
டயரின் இரைச்சல் நின்றது.
அதுவரை இரைச்சல் இருந்ததே
நின்றபோதுதான் தெரிந்தது.
பழக்கதோஷம், பிடித்துக்கொள்ள எதையாவது தேடினேன்.
கைகள் ஏற்கெனவே பிடித்திருந்தன.
பிறகு மேசைமேல் தொம்மென்று விழுந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டு.
"குறைச்சல்" என்றாள் ரோனா.
இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தேன்.
எத்தனை நாளாயிற்று, ஒரு வேலையில்
மோசமானவனாக இருந்து!

அக்டோபர் கடைசி ஞாயிறு
லார்ச் மரங்களின் நுனிகள் ஒரே பக்கம் சாய்ந்தன,
நிமிரவில்லை.
கூரை என்றால் ஏணியை வண்டியில் கட்டிவிட்டு
டீ குடிக்கப் போயிருப்பேன்.
சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு
டீ குடித்தேன், பிளாஸ்க்கில் இருந்ததை.

டூகல் போனான். ஒன்றுமில்லாத நடுவுக்கு.
நன்றாகத்தான் போனான்.
காற்று பக்கவாட்டில் ஒரு விரல் வைத்தது,
அவ்வளவுதான்.

விழுந்தவனை உடனே தூக்கக்கூடாது, அது எனக்குத் தெரியும்.
என் கோட்டைப் போர்த்தினேன். கழுத்தை அசைக்காதே என்றேன்.
ரோனா போனில் வழி சொன்னாள்,
தடத்தின் பெயர், கம்பத்தின் எண்,
குரல் நடுங்காமல், கை நடுங்க.
மீட்பு ஜீப் வர நாற்பது நிமிடம்.
காறை எலும்பு, இரண்டு விலா.
"எவ்வளவு குறைஞ்சுது?" என்றான்.
கண்ணாலேயே அளந்து பழகியவன் நான்.
ஒன்றரை முழம்.
"அரை முழம்" என்றேன்.
அதற்குள் நிம்மதியாகி மயங்கினான்.

அன்றிரவு செங்கா ஒன்றும் கேட்கவில்லை.
கவசத்தின் பட்டையைப் பிரித்துத்
தையல் போட்டுச் சிறிதாக்கினாள்.

பிப்ரவரியில் ஒரு நாள், உறைபனி, காற்றே இல்லை.
அதே மேசை மேடு.
தூக்கியது, நின்றது, பிறகு
எதுவும் இடிக்கவில்லை.
இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டே
இருபதடி உருண்டிருந்தேன்.

ஒன்றுமில்லாத அந்த நடு
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
வாராவாரம் இறங்கி, அதன் ஓரத்தில் நின்று,
மேலும் கீழும் பார்க்கிறேன்,
புதிதாகக் கூப்பிட்ட வீட்டின்
கூரையைப் பார்ப்பதுபோல.

விலை இன்னும் சொல்லவில்லை.